நாம் பார்க்காத மட்டாஞ்சேரி

ஊரிலிருந்து உறவினர்கள் வந்துவிட்டால் எர்ணாகுளத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. முதல் நாள் மாலை மறைன் டிரைவில் ஒரு நடை. மறுநாள் படகேறி ஃபோர்ட் கொச்சி. சீன வலைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ, வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயத்தில் ஐந்து நிமிடம், யூதத் தெருவில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது, பிறகு பசிக்கிறது என்று திரும்பிவிடுவது. பதினேழு வருடங்களாக நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். விருந்தாளிகளுக்குக் கொச்சியைக் காட்டினேனே தவிர, நான் பார்த்ததில்லை என்பது சென்ற கார்த்திகை மாதத்தில்தான் தெரிந்தது.

காரணம் என் மகன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பள்ளியில் யாரோ அவனைப் 'பாண்டி' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கேரளத்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து கடைத்தெருவில் நான் தமிழில் பேசினால் பத்தடி தள்ளி நடக்க ஆரம்பித்தான். அம்மா போனில் கூப்பிட்டால்கூட மலையாளத்தில் பதில். நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். இந்த நிலையில்தான் அலுவலக நண்பர் ஒருவர், ஃபோர்ட் கொச்சியில் வழிகாட்டியுடன் சைக்கிளில் சுற்றிக் காட்டுகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம் போகிறார்கள், பையனைக் கூட்டிப் போங்கள், சைக்கிள் என்றாலாவது வருவான் என்றார். வந்தான்.

இந்தச் சுற்றுலா எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழு. காலை ஆறரைக்குப் புறப்பாடு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஆனால் நிறுத்தி நிறுத்திப் போவதால் மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகிறது. கொச்சி மேடு பள்ளமில்லாத ஊர் என்பதால் ஐம்பது வயதைத் தாண்டிய என் முழங்கால்களுக்கே சிரமம் தெரியவில்லை. சைக்கிள் அவர்களே தருகிறார்கள். எனக்குக் கிடைத்த வண்டியில் பின் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. புறப்படும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கையின் உயரத்தையும் கேட்டுச் சரிசெய்துகொள்வது நல்லது.

நடந்து போகக்கூடாதா, ஆட்டோவில் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். மட்டாஞ்சேரியின் உள் தெருக்களில் ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் கைவண்டிக்கு வழியில்லை. நடந்தால் பாதித் தூரத்திலேயே வியர்வையில் ஆர்வம் கரைந்துவிடும். சைக்கிள்தான் அந்தத் தெருக்களின் அளவு. இன்னொன்று, சைக்கிளில் வருபவனை யாரும் பணக்காரச் சுற்றுலாப் பயணி என்று நினைப்பதில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் தாமாகவே பேச்சுக் கொடுக்கிறார்கள். வழிகாட்டி எதற்கு என்றால், பூட்டாத கதவும் அறிமுகம் இல்லாமல் திறக்காது அல்லவா? எங்களுக்கு வந்த இளைஞர் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். எந்தக் கிட்டங்கியில் எந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

எர்ணாகுளம் ஜெட்டியிலிருந்து அதிகாலைப் படகில் சென்றோம். இருபது நிமிடப் பயணம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி சொன்ன வரலாற்றை இங்கே சுருக்கித் தருகிறேன். மற்றவை விளங்க இது வேண்டும். நம் சங்க இலக்கியத்தில் யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாகப் பாடப்பட்ட முசிறி, கொச்சிக்கு வடக்கே கொடுங்ஙல்லூர்ப் பக்கம் இருந்த துறைமுகம். 1341-ல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் அந்தப் பக்கத்து முகத்துவாரம் மண்மூடிப் போக, தெற்கே கொச்சியில் கடல் வாய் திறந்துகொண்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஆக, கொச்சியே வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த ஊர். வணிகம் இடம் மாறவே, வணிகர்களும் இடம் மாறினார்கள். பிறகு போர்த்துக்கீசியர், 1663 முதல் டச்சுக்காரர், 1795-ல் ஆங்கிலேயர். ஒவ்வொருவர் காலத்திலும் ஒவ்வொரு கூட்டம் வந்து தங்கியது. இன்று மட்டாஞ்சேரியைச் சுற்றிய சில சதுரக் கிலோமீட்டரில் பதினாறுக்கும் மேற்பட்ட மொழிகள் வீடுகளில் பேசப்படுகின்றன என்று உள்ளூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

படகிலிருந்து இறங்கி, எல்லோரும் திரும்பும் வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம் கல்வத்தி நோக்கி மிதித்தோம். கல்வத்திப் பாலத்தின் கீழே ஓடும் உப்புத் தண்ணீர் வாய்க்காலுக்கு ராமேஸ்வரம் தோடு என்று பெயர் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். மூக்கு மட்டும் சந்தோஷப்பட மறுத்துவிட்டது. பாலம் தாண்டினால் பஜார் ரோடு. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடைகள். காயல் பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் முன்வாசல் தெருவிலும் பின்வாசல் தண்ணீரிலுமாகக் கட்டப்பட்டவை. வள்ளத்தில் வந்த சரக்கு பின்வாசல் வழியாக ஏறி முன்வாசல் வழியாக விற்பனையாகும்.

இந்தக் கட்டடங்களை இங்கே 'பாண்டிகசாலை' என்கிறார்கள். வழிகாட்டி அந்தச் சொல்லைச் சொன்னதும் என் மகன் முகம் சட்டென்று சுருங்கியதைப் பார்த்தேன். "பாண்டிகளுக்கான இடமா?" என்று மலையாளத்தில் கேட்டுவிட்டான். இளைஞர் சிரித்துவிட்டு, பாண்டத்தை, அதாவது சரக்கைச் சேமித்து வைக்கும் சாலை என்றார். நம் பண்டகசாலைதான். நான் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை என்பதால் பள்ளி விடுமுறை, ஆனால் கிட்டங்கிகள் திறந்திருந்தன. அரிசி, மிளகு, சுக்கு, ஏலம். சுக்குக் கிட்டங்கி ஒன்றின் முற்றத்தில் இறங்கினோம். இஞ்சியை உலர்த்துவதோடு வேலை முடிவதில்லை. பூச்சி அரிக்காமலும் நிறம் வெளுப்பாகவும் இருக்கச் சிலவற்றைச் சுண்ணாம்புக் கரைசலில் முக்கி மறுபடி காய வைக்கிறார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியில் இரண்டு நிமிடத்தில் எங்களுக்கு வரிசையாகத் தும்மல். அவர்களுக்கு நாங்கள் தும்முவதுதான் வேடிக்கை.

இந்தத் தெருவின் பெரும்புள்ளிக் காலம் முடிந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் கொச்சிக்கு வந்தார். முகத்துவாரத்தில் கிடந்த மணல் திட்டை வெட்டி ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை உருவாக்கினார். பெரிய கப்பல்கள் அங்கே போய் நிற்கத் தொடங்கியதும் பஜார் ரோட்டின் பின்வாசல்களுக்கு வேலை குறைந்தது. யூதத் தெருவில் 1957-ல் தொடங்கிய மிளகு முன்பேர வணிகம் ஒரு காலத்தில் கூச்சலும் கைச்சாடையுமாக நடந்திருக்கிறது. வியாபாரம் கணினிக்குப் போன பின் அந்தக் கூச்சல் அடங்கிவிட்டது. 2012-ல் தொடங்கிய கொச்சி-முசிறி பியன்னாலே கலைக் கண்காட்சிக்குப் பிறகு பல கிட்டங்கிகள் ஓவியக் கூடமாகவும் காபிக் கடையாகவும் மாறிவிட்டன. இடியாமல் நிற்கிறதே என்று திருப்திப்படலாம். ஆனால் காபி விலையைக் கேட்டால் மிளகையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது.

யூதத் தெருவை எல்லோரும் அறிவோம். அங்கே 1568-ல் கட்டப்பட்ட ஜெப ஆலயத்தின் பெயர் 'பரதேசி' ஆலயம். நம்மூரில் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அது வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருளில், ஒரு சமூகத்தின் மரியாதையான பெயராகவே நிலைத்துவிட்டது. இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் மூதாட்டி ஒருவர் காலமான பிறகு, பரதேசி யூதர்களில் ஒரே ஒருவர்தான் இங்கே எஞ்சியிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. சனிக்கிழமை அவர்களது ஓய்வு நாள் என்பதால் ஆலயம் மூடியிருந்தது. வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்தோம். பக்கத்து அரண்மனையில் இறங்கவில்லை. கட்டிக் கொடுத்தவன் போர்த்துக்கீசியன், பழுதுபார்த்த டச்சுக்காரனுக்குப் போய்விட்டது பெயர் என்பது மட்டும் போதும்.

தெற்கே சற்றுத் தள்ளிக் கொச்சங்காடி. இங்கே சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் நின்றுவிடுகிறது. பரதேசி ஆலயத்துக்கும் முன்னால், 1344-ல் ஒரு யூத ஆலயம் இங்கேதான் இருந்தது. அதன் கல்வெட்டை இப்போது பரதேசி ஆலயத்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். அதே கொச்சங்காடியில்தான் செம்பிட்ட பள்ளி. பதினாறாம் நூற்றாண்டுப் பள்ளிவாசல். கூரைக்குச் செம்புத் தகடு இட்டதால் அந்தப் பெயர் வந்தது. 'செம்பு', 'இட்ட', 'பள்ளி' என்று ஒவ்வொரு சொல்லும் நம்முடையது போலவே ஒலிக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கோயிலோ என்று தோன்றும் மரக் கூரையும் முகப்பும். காயல்பட்டினத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லும் நைனா குடும்பத்தார் கொச்சியில் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள் என்று வழிகாட்டி சொன்னார். என் மகன், "காயல்பட்டினம் நம்ம தாத்தா ஊர்ப் பக்கமாப்பா?" என்று கேட்டான். ஒரு மாதத்துக்குப் பின் பொது இடத்தில் அவன் பேசிய முதல் தமிழ் வாக்கியம் அது. திருச்செந்தூருக்குப் பக்கம் என்றேன்.

சேர்லாய் என்ற பகுதி கொங்கணிக்காரர்களுடையது. கோவாவில் போர்த்துக்கீசியரின் மதக் கெடுபிடி தாங்காமல் பதினாறாம் நூற்றாண்டில் கடல் வழியாகத் தெற்கே வந்தவர்கள். கொச்சி மன்னர் இடம் கொடுத்தார். வந்த பிறகு அவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். டச்சுத் தளபதி வான் ரீட் மலபாரின் செடி கொடிகளை எல்லாம் தொகுத்து, ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அச்சிட்ட ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்ற நூலுக்கு மூலிகை அறிவு தந்தவர்கள் இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களும். அந்த மூவரும் நாகரி எழுத்தில் எழுதிக் கொடுத்த சான்று நூலின் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. அகதியாக வந்த மொழி ஐரோப்பாவில் அச்சேறிவிட்டது! இப்போது சேர்லாயில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் அப்பளமும் ஊறுகாயும் வாங்கலாம். நாங்கள் வாங்கினோம். சைக்கிளில் அப்பளம் கொண்டுவருவது புத்திசாலித்தனம் அல்ல. வீடு வந்தபோது பாதி பொடியாகிவிட்டது.

அடுத்து குஜராத்தித் தெரு, சமணக் கோயில், அங்கே பறவைகளுக்கு இரை போடும் முற்றம். கட்ச்சி மேமன்களின் மசூதி. தக்கணி உருது பேசும் வீடுகள். நேரம் ஒன்பதைத் தாண்டியதால் வேகமாகவே கடந்தோம். இதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான இடம் கடைசியில்தான் வந்தது. மேற்கே வெளி மைதானத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "இனி நீங்கள்தான் வழிகாட்டி, எனக்குத் தமிழ் அரைகுறை" என்றார் இளைஞர். தோபிகானா என்று பலகை. உள்ளே வரிசையாகத் தடுப்புச் சுவர் எழுப்பிய அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துவைகல், ஒரு தொட்டி. அப்பால் பெரிய வெட்டவெளி முழுக்கக் கொடி கட்டித் துணி காய்கிறது. கிளிப் கிடையாது. இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் நடுவே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது. ஒரு கொட்டகையில் கஞ்சி போட்ட வேட்டிகளைச் சிரட்டைக் கரி நிரப்பிய கனத்த இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெரியவர் ஒருவர். பக்கத்தில் இருந்தவரிடம் அவர் பேசிய பேச்சு தமிழ்.

டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடுப்புகளைத் துவைப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் சொல்லிவரும் வரலாறு. டச்சுக்காரர் போய் ஆங்கிலேயர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். துவைப்பவர்கள் போகவில்லை. முன்பு இந்தப் பகுதியில் ஆளுக்கொரு குளத்தங்கரையில் துவைத்துக்கொண்டிருந்தார்கள். 1976-ல் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையம் இந்தக் கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தது. வண்ணார் சங்கம் நடத்துகிறது. வீட்டில் இன்றும் தமிழ்தான்.

"நீங்க எந்த ஊரு?" என்று பெரியவர் கேட்டார். தென்காசிப் பக்கம் என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எங்களுக்கும் திருநெல்வேலிச் சீமைன்னுதான் எங்க அய்யா சொல்லுவாரு. ஊருப் பேரு மட்டும் தெரியாது" என்றார். அவருடைய தமிழில் இடையிடையே மலையாளம் கலந்திருந்தது. ஆனால் 'சீமை' என்ற சொல்லை நான் என் பாட்டிக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

என் மகனைப் பார்த்து, "தம்பி பேரென்ன?" என்றார். இவன் மலையாளத்தில் சொன்னான். "தமிழ் வராதோ?" என்று அவர் என்னைக் கேட்க, இவன் அவசரமாக "வரும் தாத்தா" என்றான். பிறகு அவர் கயிற்றில் துணியைச் செருகும் விதத்தை அவனுக்குக் காட்டிக் கொடுத்தார். நாலைந்து முறை நழுவவிட்டு, அப்புறம் பிடித்துக்கொண்டான். பள்ளியில் உங்களைப் பாண்டி என்று சொன்னார்களா என்று அவரிடம் கேட்டான். நான் தடுப்பதற்குள் கேட்டுவிட்டான். "சொல்லுவாங்க. அவன் வீட்டு வேட்டியை நான்தானே வெளுத்தேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் முழுக்கச் சிரிப்பு மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய இரண்டு மகன்களும் இந்த வேலைக்கு வரவில்லை. வர வேண்டும் என்று அவரும் விரும்பவில்லை. முதுகும் நெஞ்சும் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு இயந்திரம் வந்துவிட்டது. தங்கும் விடுதிகளும் ஆஸ்பத்திரிகளும் தரும் துணிதான் இப்போது பிழைப்பு. மழைக்காலத்தில் அதுவும் சிரமம். பல கற்கள் சும்மா கிடந்தன. இன்னும் இருபது வருடத்தில் இங்கே யார் நிற்பார்கள் என்று கேட்டதற்கு அவர் மைதானத்தைப் பார்த்தாரே தவிர, பதில் சொல்லவில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வெள்ளிக்கிழமை அரண்மனை மூடியிருக்கும். சனிக்கிழமை யூத ஆலயம். ஞாயிறன்று லாரித் தொல்லை இராது, ஆனால் கிட்டங்கிகளும் பூட்டியிருக்கும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பஜார் ரோட்டில் தனி வண்டியில் விட வேண்டாம். தோபிகானாவில் போட்டோ எடுப்பதற்கு முன் கேளுங்கள். அது கண்காட்சி அல்ல, வேலை செய்யும் இடம். துவைக்கவோ தேய்க்கவோ இரண்டு உருப்படி எடுத்துச் சென்றால் இன்னும் நல்லது. நாங்கள் அடுத்த முறை என் நான்கு வேட்டிகளோடு பஸ்ஸில் போனோம். மகன் தானாகவே கூட வந்தான்.

புறப்படும்போது பெரியவர் ஒன்று கேட்டார். "உங்க பக்கத்துல விசாரிச்சுப் பாருங்க. கொச்சிக்கு வெளுக்கப் போனவங்கன்னு ஏதாச்சும் பேச்சு இருக்கான்னு." தென்காசியில் என் சித்தப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். நெல்லை, ராமநாதபுரம் பக்கத்து அன்பர்கள் யாராவது தங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயால் இப்படி ஒரு செய்தியைக் கேட்டிருந்தால், ஊர்ப் பெயருடன் நம் இதழுக்கு எழுதுங்கள். நான் கொண்டுபோய்ச் சொல்லுகிறேன்.